பால் கடைவாய்ப் பல் போன இடம்: வளையமா, ப்ளேட்டா, பிறகு க்ளிப்பா?

பால் பல்தானே, மறுபடி முளைக்கும் என்று சொத்தைப் பல்லைப் பிடுங்கிய கையோடு மறந்துவிடுகிறோம். முன்பல்லுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஏழு வயதில் இரண்டாவது பால் கடைவாய்ப் பல் போனால் பொருந்தாது. அதற்குப் பின்னால் ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல், காலி இடம் கிடைத்ததும் முன்னுக்கு நகரும். முதல் ஆறு மாதத்தில்தான் வேகம் அதிகம். அங்கே வரவேண்டிய நிரந்தரப் பல் முளைக்கவோ குழந்தைக்கு 10 முதல் 12 வயது ஆகிவிடும். அதுவரை அந்த இடத்தைக் காக்கத்தான் வளையமும் ப்ளேட்டும்.

ஒரு பக்கம் ஒரே ஒரு பல் போயிருந்தால் என் ஓட்டு வளையத்துக்கு. ஆறு வயதுப் பல்லில் எஃகு வளையம் ஒட்டி, அதிலிருந்து நீளும் கம்பி முன்னால் உள்ள பல்லில் முட்டி நிற்கும். குழந்தையின் ஒத்துழைப்பை நம்பி இருக்க வேண்டியதில்லை. குறை இல்லாமல் இல்லை: மெல்ல உதவாது, சிமென்ட் கரைந்தால் உள்ளே சொத்தை விழும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டியே ஆகவேண்டும். ஜவ்வு மிட்டாயும் கம்மர்கட்டும் அதன் பரம எதிரிகள்.

கழற்றி மாட்டும் ப்ளேட், பல பற்கள் ஒன்றாகப் போனவர்களுக்கு நல்லது. செயற்கைப் பல் வைத்தால் மெல்லவும் முடியும். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குக் கழற்றி, காகிதத்தில் சுற்றி வைத்து, அப்படியே குப்பையில் போகும் பொருள் இது. போடாமல் விட்ட நாட்களில் பல் நகராமல் காத்திருக்காது.

‘பெரியவனானதும் க்ளிப் போட்டுக்கொள்ளலாம்’ என்பது மூன்றாவது வழி. போடலாம்தான். ஆனால் அப்போது வேலை இரட்டிப்பு: சாய்ந்த பல்லைப் பின்னுக்குத் தள்ளவேண்டும், முடியாவிட்டால் இடத்துக்காக நல்ல நிரந்தரப் பல் ஒன்றையே எடுக்க நேரலாம். ஒன்றரை, இரண்டு வருடம் கம்பி. அது முடிந்ததும், பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர்.

டாக்டரே வேண்டுமென்று பால் பல்லை எடுப்பது தனிக் கதை. முளைக்கவேண்டிய நிரந்தர மேல் கோரைப் பல் அண்ணப் பக்கம் (வாயின் மேற்கூரைப் பக்கம்) வழி தவறியிருந்தால் 10 முதல் 13 வயதுக்குள் பால் கோரைப் பல்லை எடுப்பதுண்டு. 1988-இல் சுவீடனைச் சேர்ந்த எரிக்சன், குரோல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இப்படி எடுத்தபின் 46 பற்களில் 78 சதவீதம் தாமாகவே சரியான பாதைக்குத் திரும்பின.

எதைத் தேர்ந்தாலும் முதலில் எக்ஸ்ரே. அடியில் இருக்கும் பல்லின் வேர் மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்து, மேலே எலும்பு மெலிந்திருந்தால், பல் சீக்கிரம் எட்டிப் பார்த்துவிடும். பெரும்பாலும் எதுவும் மாட்டத் தேவையில்லை. சில குழந்தைகளுக்கு அங்கே பல் மொட்டே இருக்காது, குறிப்பாகக் கீழ்த்தாடையில். அப்போது இடத்தைக் காப்பதா, மூடவிடுவதா என்று க்ளிப் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வளையத்துக்கு அளவு கொடுக்க வேண்டும்.