பெயர் கொடுப்பதா, பிரதி கொடுப்பதா?

கொழும்பில் நல்ல புத்தகத்தின் பெயருக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பிரதிக்குத்தான். சென்னையில் ஒரு நாவல் பேசப்பட்டால் அதன் பெயர் அன்றிரவே வெள்ளவத்தைக்கு வந்துவிடும். புத்தகம் வர மாதக்கணக்காகலாம், வராமலும் போகலாம். வந்தாலும் 300 இந்திய ரூபாய் விலை போட்ட நூல் நம் காசில் ஆயிரத்தைத் தாண்டும். உள்ளூர் நூலென்றால் வேறு பாடு. பெரும்பாலும் 300, 500 பிரதிதான் அச்சாகும். வெளியீட்டு விழாவோடு ஒரு பகுதி போகும், மிச்சம் ஆசிரியர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடக்கும். ஆகவே நண்பர்களுக்குள் புத்தகம் பரிமாறும் வழிகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சொன்ன பிறகு கேட்டவர் அதை வாசிக்கிறாரா, இல்லையா?

எல்லோரும் செய்கிற வேலை, வட்ஸ்அப் குழுவில் அட்டைப்படம் போடுவது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் படத்தைப் போடுவார். கீழே ‘கட்டாயம் வாசிக்க வேண்டிய நூல்’ என்று ஒரு வரி. உடனே இரண்டு கட்டைவிரல், ஒரு சிவப்பு இதயம், ஒரு ‘அருமை அண்ணை’. யாரோ ஒரு தங்கச்சி மட்டும் ‘எங்க வாங்கலாம்?’ என்று கேட்பார். அதற்குப் பதில் வராது. விடிந்ததும் ரோசாப்பூவோடு காலை வணக்கம் வரும், அப்புறம் யாரோ பருத்தித்துறை வடைக்கு ஓடர் எடுப்பார்கள், புத்தகம் எங்கோ மேலே போய்விடும். செலவில்லாத வழிதான், ஒரே தட்டலில் ஐம்பது பேருக்குப் போகும். ஆனால் அந்த ஐம்பது பேருக்கும் அது பக்கத்து ஆளுக்குச் சொன்ன மாதிரித்தான் கேட்கும்.

பேஸ்புக் இன்னும் மோசம். அங்கே போடும் பரிந்துரையை முதலில் பார்க்கப்போவது நூலாசிரியர் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். அதனால் குறை ஒன்றும் வெளியே வராது. குறையே சொல்லாத பரிந்துரையை நம்பி ஆயிரத்துச் சொச்சம் போட எனக்கு மனம் வருவதில்லை.

குழுவில்தான் சொல்வேன் என்றால் சரி, சொல்லுங்கள். ஆனால் பிரதி இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘செட்டியார் தெரு பூபாலசிங்கம் புத்தகக் கடையில் கிடக்கு’, ‘பீப்பிள்ஸ் பார்க் சேமமடுவில் இன்னும் இருக்கு, விலை இவ்வளவு’, ‘என்னிடம் ஒன்று இருக்கு, வெள்ளிக்கிழமை பின்னேரம் தமிழ்ச்சங்கத்துக்கு வருவேன்’. இப்படி ஒரு வரி இருந்தால் போதும், அந்தத் தங்கச்சி கட்டாயம் வாசித்திருப்பார்.

குழுவை விட்டு, தனியாக ஒருவருக்குக் குரல் பதிவு அனுப்புவது வேறு ரகம். கதைச்சுருக்கம் வேண்டாம், ஆசிரியரின் பெருமையும் வேண்டாம். பிடித்த ஒரு பத்தியை இரண்டு நிமிடம் வாசித்து அனுப்பினால் போதும். கேட்பவருக்கு அந்த எழுத்து ஒத்துவருமா என்பது அந்த இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பெயர் மட்டும் சொல்லும் வழிகளில் இதற்குத்தான் என் ஓட்டு. இதன் குறையும் அதேதான்: ஆசை வரும், புத்தகம் வராது.

ஆகையால் என் தெரிவு இரவல். வாசித்த பிரதியையே கையில் கொடுப்பதில் அலைச்சல் இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் ஒரு தவணையும் தானாக வந்துவிடும். சொந்தக் காசில் வாங்கிய புத்தகம் அலுமாரியில் வருடக்கணக்காக இருக்கும். இரவல் புத்தகம் மேசையில் கிடந்து ஆளை முறைக்கும். அடுத்த சந்திப்பில் கேள்வியும் வரும். 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

‘மச்சான், அந்தப் புத்தகம் முடிச்சிட்டியா?’

‘பாதி. ரெண்டாம் பாகம் இழுக்குது.’

‘கிணத்தடிச் சண்டை வரும் வரைக்கும் வாசி. அதுக்குப் பிறகும் பிடிக்காட்டித் தந்துடு.’

இந்தக் கடைசி வரி வேறு எந்த வழியிலும் கிடைக்காது. எங்கே தொய்யும், எங்கே பிடிக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். பென்சிலால் கோடு போட்டிருந்தால் இன்னும் நல்லது. நண்பர் எந்த வரியில் நின்று யோசித்தார் என்பதைப் பார்த்துக்கொண்டே வாசிக்கலாம். (பேனாவால் கோடு போடுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.)

இரவலுக்கு எதிரான வாதம் எல்லோரும் அறிந்ததே: போனது திரும்பாது. பாதி உண்மை. எடுத்தவர் கள்ளன் என்பதால் அல்ல, யாருடையது என்பதை இருவருமே மறந்துவிடுவதால்தான் பெரும்பாலும் திரும்பாமல் போகிறது. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. கொடுக்கும்போதே நண்பர் புத்தகத்தைக் கையில் பிடித்திருக்க ஒரு படம் எடுங்கள், அதை அவருக்கே அனுப்பிவிடுங்கள். நாள், ஆள், நூல் மூன்றும் பதிவாகிவிடும். கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்தப் படத்தையே மறுபடி அனுப்பலாம். ஒரு சொல்லும் எழுதத் தேவையில்லை. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு நூல் என்பதையும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் மூன்றும் வாசிக்கப்படாது.

பொத்திப் பொத்தி வைப்பவர்களுக்கு இன்னொன்று. மரைன் டிரைவ் பக்கம் பிளாட்டில் இருப்பவர்கள் அலுமாரியைத் திறந்து பார்க்கட்டும். கடற்காற்றில் தாள் பழுத்து, ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும். கொடுக்காமல் வைத்தாலும் புத்தகம் அப்படியே இருந்துவிடாது.

கைக்குக் கை போவதன் பலத்துக்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’ இலக்கிய இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதைத் தானே சுமந்துபோய் ஆட்களை நேரில் கண்டு கொடுத்து விற்றவர். கொழும்புக்கு இடம் மாறிய பிறகும் இதழ் நிற்கவில்லை. விளம்பரப் பலகையால் வந்த வாசகர்கள் அல்ல அவர்கள், கையில் வாங்கியவர்கள்.

அந்தப் பழைய மல்லிகை இதழ்களை இன்று ஒரு நண்பருக்குக் காட்ட வேண்டுமென்றால் இரவல் உதவாது. இங்கே பிடிஎப் இரவலை வென்றுவிடுகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடக்கின்றன. எங்கள் ஆட்கள் இதை ஏன் இவ்வளவு வேண்டி நின்று செய்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து போயின. அச்சில் இல்லாத ஈழத்து நூலைப் பற்றிப் பேச்சு வந்தால் பெயரைச் சொல்லிவிட்டு நிற்காமல் அங்கே தேடி இணைப்பை அனுப்புங்கள். எத்தனையாம் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய நூல்களில் அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை எல்லாம் தாண்டுவதற்குள் போனிலேயே வாசிக்கிறவர் களைத்துவிடுவார். பழந்தமிழ் நூலென்றால் மதுரைத் திட்டம் என்ற இணையத்தளம் நல்லது. அங்கே தட்டச்சு செய்த பாடமாக இருப்பதால் எழுத்தைப் பெரிதாக்கலாம். ஸ்கேன் பக்கத்தைச் சின்னத் திரையில் இடமும் வலமும் இழுத்து இழுத்து வாசிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை.

பிடிஎப்பில் இன்னொரு வகை இருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை. போன வருடம் வந்த நாவலை யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் விட, அது குழு குழுவாகச் சுற்றுகிறது. சட்டப்படியும் தவறு, நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் உரிமையைக் காக்கிறது. சட்டத்தை விடுங்கள். முந்நூறு பிரதி அடித்தவருக்கு முப்பது பேர் பிடிஎப்பில் வாசித்தாலும் பத்தில் ஒரு பங்கு விற்பனை போய்விடலாம். ‘அப்ப இரவலிலும் அவருக்குக் காசு போகுதில்லையே’ என்று ஒரு நண்பர் மடக்கினார். போகவில்லைதான். ஆனால் இரவல் பிரதி ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர் கடைக்குப் போவார். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கிண்டிலில் தமிழ் நூல் நிறைய வந்துவிட்டது. கடன் அட்டையால் டொலரில் கட்டிப் பழகியவர்களுக்கு அது சௌகரியம். ஆனால் வாசித்து முடித்த நூலைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க முடியாது. இந்த ஒப்பீட்டில் அதற்கு இடம் அவ்வளவுதான்.

பரிசாகக் கொடுப்பது பெருந்தன்மை, ஆனால் வாசிப்பு என்ற கணக்கில் பலவீனமான வழி. பிறந்தநாளுக்கு வந்த புத்தகத்துக்குத் தவணை இல்லை, ‘முடிச்சிட்டியா?’ என்று கேட்பதும் நாகரிகமில்லை. வெளியீட்டு விழாவும் ஒருவிதத்தில் இதே வகைதான். தமிழ்ச்சங்கத்துச் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் என்வலப்பைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டு வருவார்கள். ஆசிரியரின் அச்சுக்கூலிக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே நண்பர் வட்டத்தில் நாலைந்து வீட்டில் அதே நூல் இருக்கும், நாலைந்திலும் வாசிக்கப்படாமல். எல்லோரிடமும் இருப்பதால் இரவலுக்கும் வழியில்லை.

1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச்சங்கத்தின் நூலகத்தையும், கொழும்புப் பொது நூலகத்தின் தமிழ்ப் பகுதியையும் நண்பருக்குக் காட்டிவிடுவதும் ஒரு பரிந்துரைதான். ஓய்வு பெற்றவர்களுக்கும் மாணவர்களுக்கும் அது சரி. ஐந்தரைக்கு வேலை முடிந்து ரயிலைப் பிடிக்கிறவருக்கு ‘அங்கே இருக்கு, போய் எடுங்கள்’ என்பது இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

வாசிப்பு வட்டம் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று மட்டும். நாவலில் தொடங்காதீர்கள். பத்துப் பேருக்கு ஒரே நாவலின் பத்துப் பிரதி தேடுவதிலேயே வட்டம் கலைந்துவிடும். சிறுகதையை எடுத்தால் எல்லோருக்கும் அன்றைக்கே கிடைக்கும்.

செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில் சிங்கள, ஆங்கிலக் கடைகளுக்கு நடுவே தமிழ்க் கடைகளைத் தேடிப் போக வேண்டும். ஆகவே எங்கள் வட்டத்தின் உண்மையான ரசனை வெளியே வருவது ஜனவரியில், யாராவது சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கிளம்பும்போதுதான். அப்போது கொடுக்கும் பட்டியலில் யாரும் பெருமைக்காக ஒரு பெயரைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் கூடவே காசும் கொடுக்க வேண்டும். யார் எதை வாசிக்க நினைக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். போகிறவர் பாவம், புத்தகம் கனக்கும், பெட்டிக்கு எடைக் கணக்கு உண்டு. அதனால் கெட்டி அட்டைப் பதிப்புக் கேட்காதீர்கள், காசை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒரே நூலை இரண்டு பேர் கேட்டிருந்தால் ஒரு பிரதி போதும். யார் முதலில் வாசிப்பது என்பதை அவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குவதற்கு முன்னமே நீங்கள் இருவரும் பேசி முடித்துவிடுங்கள்.