கமேலியா என்று சொல்லித் தேயிலை நாற்று அனுப்பினார்கள்: 6,200 ரூபாய் போயிற்று

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கமேலியா என்ற அழகுப் பூச்செடியைத் தருவதாகச் சொல்லி, இணையத்தில் செடி விற்கும் ஒரு நிறுவனம் என்னிடம் 6,200 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது. குளிர்காலத்தில் பூக்கும் தொட்டிச் செடிகளை வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எப்படிச் சோதித்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு நீலகிரியில், கேத்திப் பக்கம். வடக்குச் சுவரை ஒட்டிய மூலையில் மார்கழி, தை மாதங்களில் வெயிலே விழாது. சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வீட்டின் நிழல் நாள் முழுவதும் அங்கேதான் கிடக்கும். ரோஜா வைத்தால் கொம்பு மட்டும் நீளும். நடமாட முடியாத அம்மா ஜன்னலருகே உட்கார்ந்து பார்ப்பது அந்த மூலையைத்தான். அவருக்காகவே கமேலியா வைக்க விரும்பினேன். அது அரை நிழலிலும் பூக்கும், குளிரில் பூக்கும், எங்கள் மலையின் அமில மண்ணும் அதற்கு ஏற்றது. தொட்டியில் இருந்தால் உறைபனி கடுமையாகும் இரவுகளில் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடலாம்.

தொலைபேசியில் பேசிய விற்பனையாளர் விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. "சார், அந்த மூலை எந்தத் திசை?" என்று கேட்டார். வடக்கு என்றேன். "நல்லது. கிழக்கில் மட்டும் வைக்காதீர்கள். இரவில் உறைந்த மொட்டின்மேல் காலை வெயில் சட்டென்று பட்டால் மொட்டு கெட்டுவிடும்" என்றார். உண்மைதான். மொட்டு கட்டும் காலத்தில் தொட்டி காய்ந்தால் பின்னால் மொட்டு உதிரும், சுண்ணாம்புத் தண்ணீர் ஆகாது, மழைநீர் நல்லது என்றும் சொன்னார். அதுவும் உண்மை. இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவரை யார்தான் நம்பமாட்டார்கள்? மூன்று வயதுச் செடிகள், மொட்டோடு வரும், தை பிறக்கும்போது சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் என்று உறுதி கொடுத்தார். ஆறு செடிகள், அனுப்பும் செலவோடு 6,200 ரூபாய். உடனே செலுத்தினேன். செடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இவர் எல்லாம் தெரிந்தே செய்தார்.

பெட்டியில் வந்தவை ஒரு சாண் உயர நாற்றுகள். ஒரு மொட்டுகூட இல்லை. கமேலியா இலை தடிப்பாக, கரும்பச்சையாக, மெழுகு பூசியதுபோல் மின்னும். இவையோ மெல்லிய, வெளிறிய இலைகள். கொழுந்து பறிக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தவுடனே, "இது தேயிலை அல்லவா தம்பி, இதையா காசு கொடுத்து வாங்கினாய்?" என்றார். எங்கள் வேலிக்கு அப்பால் மலைச்சரிவு முழுவதும் அதுதான் நிற்கிறது! அதற்கு 6,200 ரூபாய்!

அழைத்தேன். "பயணக் களைப்பு சார், இரண்டு வாரம் பொறுங்கள், இலை நிறம் மாறும்" என்றார்கள். பொறுத்தேன். மறுபடி அழைத்தபோது பெட்டியைத் திறக்கும் வீடியோ கேட்டார்கள்; இல்லையென்றதும் பணம் திரும்பாது என்றார்கள். படங்கள் அனுப்பினேன். அதற்கு வந்த பதிலை என்னால் மறக்க முடியவில்லை: "தேயிலையும் கமேலியா இனம்தான் சார், நாங்கள் தவறாக எதுவும் அனுப்பவில்லை." தாவரவியலில் தேயிலை கமேலியா பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் நான் கேட்டது அழகுக்கு வளர்க்கும் செடி, அவர்கள் காட்டிய படமும் அதுதான். இப்போது என் எண்ணிலிருந்து போகும் அழைப்பையே எடுப்பதில்லை. அவர்கள் தளத்தில் நான் எழுதிய விமர்சனத்தையும் நீக்கிவிட்டார்கள்.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. முடிந்தால் குளிர்காலத்தில், பூத்திருக்கும் செடியையே நாற்றுப் பண்ணைக்குப் போய் நேரில் பார்த்து வாங்குங்கள். இணையத்தில்தான் வாங்க வேண்டுமென்றால் உங்களுக்கு அனுப்பப்போகும் அதே செடியின் வீடியோவைக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பெட்டியைத் திறப்பதைக் கட்டாயம் படம் பிடியுங்கள்.

2020 மின் வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு அந்த ஒப்புதல்கூட வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்துக்காக இணையத்தில் கமேலியா வாங்கியவர்கள் இன்றே இலையைப் பாருங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டால் என்னிடம் சொன்னதையேதான் உங்களிடமும் சொல்வார்கள்.