கறுப்பு பெல்ட்டுக்குப் பின்னால்: எங்கள் டோஜோவின் ஆசிரியர்கள்

நான் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். என் மகள் ஜூடோ கற்கிறாள், நான் ஐகிடோ கற்கிறேன், இரண்டும் ஒரே டோஜோவில், அதாவது ஜப்பானியத் தற்காப்புக் கலைகளின் பயிற்சிக்கூடத்தில். ஜூடோ, ஐகிடோ, கெண்டோ, கராத்தே என நான்கு கலைகள் அங்கே நடக்கின்றன. பாய் புதுசா, உடை மாற்றும் அறை சுத்தமா என்பதையெல்லாம் நேரில் போனால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். போனவுடன் கண்ணில் படாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: அங்கே சொல்லிக்கொடுப்பவர்கள் யார், எங்கே கற்றார்கள், இன்றைக்கு அவர்களைத் திருத்துவதற்கு ஆள் உண்டா?

முதலில் ஜூடோ. தலைமை சென்செய் (ஆசிரியர்) தேசிய அளவில் போட்டியிட்டவர். முழங்கால் அறுவை சிகிச்சையோடு போட்டிக் காலம் முடிந்தது. எத்தனையோ பேர் அங்கிருந்தே நேராகப் பயிற்சியாளர் ஆகிவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யாமல், டோக்கியோவில் இருக்கும் கோடோகானுக்குப் போய் மறுபடியும் மாணவராக நின்றார். 1882-ல் கானோ ஜிகோரோ தொடங்கிய பள்ளி அது. வெளிநாட்டவரும் அங்கே பயிலலாம், கோடையில் கட்டாவுக்கென்று, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புகளுக்கென்று, தனி வகுப்பும் உண்டு. அந்த வகுப்பில்தான் தன் வீசுதல்களை அடியிலிருந்து திருத்திக்கொண்டதாக சென்செய் சொல்வார். எதிராளியை வீசும் முறைகளின் தொகுப்பான நாகே நோ கட்டாவில் 15 வீசுதல்கள், ஒவ்வொன்றையும் வலப்பக்கமும் இடப்பக்கமும் செய்ய வேண்டும். போட்டியில் ஒரே பக்கம் வீசிப் பழகியவருக்கு அது எளிதில்லை. அதனால்தான் என் மகளின் வகுப்பில் எல்லோரும் முதல் நாளிலிருந்தே இரண்டு பக்கமும் பழகுகிறார்கள்.

ஆனால் அவருடைய பதக்கங்களைவிட, கோடோகானைவிட, எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று முறையாகப் படித்திருக்கிறார். சேர்க்கும் முன் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். தயங்காமல் பதில் சொன்னார்: அடிபட்ட பிள்ளை அன்றைக்குப் பாயில் மறுபடி கால் வைக்கக் கூடாது, பெற்றோருக்கு உடனே தகவல் போக வேண்டும், மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ராண்டோரி, அதாவது எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சி, கிடையாது. நானே எழுதிக் கொடுத்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே பள்ளி ஜூடோவில் 1983-லிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் 100-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அவர்களில் நிறைய பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள். காலை வாரிப் பின்னால் சாய்க்கும் ஓசோடோகாரி என்ற வீசுதலில் பின்பக்கமாக விழுந்து, மண்டைக்குள் இரத்தம் கசிந்து போன உயிர்கள் அவற்றில் பல. 2012-ல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது பெற்றோர்கள் பயந்ததற்கு இதுவே காரணம். ஜப்பான் ஜூடோ சம்மேளனம் பயிற்சியாளர்களுக்கென்று தகுதி முறை ஒன்றைக் கொண்டுவந்ததும் அதற்கு அப்புறம்தான். அந்தச் சமயத்தில், 2013-ன் தொடக்கத்தில், ஜப்பான் மகளிர் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி விலக வேண்டிவந்தது. வீராங்கனைகளை அடித்தார் என்று 15 பேர் சேர்ந்து புகார் கொடுத்திருந்தார்கள். ஒருவர் ஜூடோவில் எவ்வளவு உயரம் தொட்டார் என்பது, அவர் கையில் பிள்ளையை விடலாமா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

எங்கள் டோஜோவில் புதுப் பிள்ளைகள் வாரக்கணக்கில் உகெமி, அதாவது அடிபடாமல் விழும் பயிற்சி, மட்டும்தான் செய்கிறார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை அறைந்து, விழுவார்கள், எழுவார்கள், மறுபடி விழுவார்கள். சில பெற்றோர் சலித்துக்கொள்வார்கள், “எப்போ சார் வீசக் கத்துக்கொடுப்பீங்க?” என்று கேட்பார்கள். சென்செய் அசைந்து கொடுப்பதே இல்லை. அந்த ஒரு பிடிவாதத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

உதவி ஆசிரியை இளம்பெண், இதே டோஜோவில் சிறுமியாகச் சேர்ந்து வளர்ந்தவர். கானோவின் படத்துக்குப் பக்கத்தில் ஃபுகுதா கெய்கோவின் படத்தையும் மாட்டச் சொன்னது அவர்தான் என்று கேள்விப்பட்டேன். ஜூடோவுக்கு மூலமான ஜுஜுட்சு கலையைக் கானோவுக்குக் கற்பித்த ஆசிரியர்களில் ஒருவரின் பேத்தி ஃபுகுதா. கானோவிடமே நேரடியாகப் பயின்றவர். பெண் என்பதற்காகப் பல ஆண்டுகள் 5-ஆம் டானிலேயே (டான் என்பது கறுப்பு பெல்ட்டின் படிநிலை) நிறுத்திவைக்கப்பட்டார், 6-ஆம் டான் 1972-ல்தான் கிடைத்தது. 2006-ல் கோடோகான் அவருக்கு 9-ஆம் டான் கொடுத்தது, அப்போது அவருக்கு வயது 90-ஐத் தாண்டிவிட்டது. என் மகள் தினமும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் வணங்கிவிட்டுப் பாயில் ஏறுகிறாள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

ஐகிடோ ஆசிரியை பகலில் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐகிடோவின் தலைமை அமைப்பான ஐகிகாயின் 4-ஆம் டான், ஷிதோயின் என்ற பயிற்றுநர் தகுதி. அவருடைய ஆசிரியர் டோக்கியோ தலைமை டோஜோவில் உச்சிதேஷியாக, அதாவது அங்கேயே தங்கிப் பயின்றவர். இதெல்லாம் வாய்ப்பேச்சு இல்லை. டான் பெற்றவர்களுக்கு ஐகிகாய் ஒரு சிறு புத்தகம் தருகிறது. எந்தத் தகுதி எப்போது கிடைத்தது என்பதெல்லாம் அதில் பதிவாகும். புதிதாக வருபவர் கேட்டால் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிடுவார். கேட்டதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

வகுப்பில் அவருடைய கணக்கு டீச்சர் குணம் நன்றாகவே தெரியும். ஒரு அசைவைப் பிரித்து, கால் முதலில், இடுப்பு அப்புறம், கை கடைசியில் என்று அடுக்கிக் காட்டுவார். ஷிஹோனாகே என்ற வீசுதலைச் சொல்லித்தரும்போது இன்னும் கவனம். அதில் விழுபவரின் கை தோளுக்குப் பின்னால் மடங்கியிருப்பதால் பின்மண்டை தரையில் மோத வாய்ப்பு உண்டு. அதனால் புதியவர்களோடு செய்யும்போது பாதியில் நிறுத்தி, மெதுவாகக் கீழே உட்காரவைக்கச் சொல்வார். வேகமாக முடித்துக் காட்டிய ஒரு மூத்த மாணவரை வகுப்பு முடியும் வரை ஓரமாக உட்காரவைத்தார். வருடா வருடம் தன் ஆசிரியரிடம் போய்ப் பயின்றுவிட்டு வருகிறார். திரும்பி வந்ததும், “போன வருஷம் நான் காட்டின கால்வைப்பு தப்பு, இப்படி மாத்திக்கோங்க” என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்வார். நாலாம் டான் வாங்கியவர் அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும்.

மூங்கில் வாளோடு பழகும் கெண்டோவும், அதோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் இயாய்டோவும் (உறையிலிருந்து வாளை உருவும் கலை) ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பொறுப்பில். கெண்டோவில் 6-ஆம் டான், ரென்ஷி என்ற ஆசிரியர் பட்டமும் உண்டு. இந்தக் கலையில் படி ஏறுவதற்குக் குறுக்கு வழி கிடையாது. 1-ஆம் டானிலிருந்து 6-க்குப் போகக் குறைந்தது 15 ஆண்டுகள், 7-க்கு அதற்கு மேல் 6 ஆண்டுகள். 8-ஆம் டான் தேர்வு எழுத 46 வயதாகியிருக்க வேண்டும், எழுதுபவர்களில் நூற்றுக்கு ஒருவர் தேறினாலே பெரிது. இவர் 7-ஆம் டான் தேர்வில் தோற்றதை மாணவர்களிடம் ஒளிக்காமல் சொல்கிறார், எதனால் தோற்றேன் என்பதையும் சொல்கிறார்.

ஆனால் ஒரு குறை: இவர் பேசுவது ரொம்பக் குறைவு. இயாய்டோவில் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனத்தின் வரிசையில் 12 வடிவங்கள் உண்டு. முதல் வடிவத்தில் முழங்கால் வைக்கும் இடத்தையே மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பார், காரணம் சொல்லமாட்டார். மூத்த மாணவர் யாராவது பக்கத்தில் நின்று விளக்காவிட்டால் புதியவர்கள் தவித்துப்போகிறார்கள். ஆர்வத்தோடு வந்த இரண்டு இளைஞர்கள் அப்படியே வருவதை நிறுத்திவிட்டார்கள். அவருடைய அனுபவத்துக்கு அது நேர்ந்திருக்கக் கூடாது.

சரி, கராத்தே. இந்த வகுப்பை என்னால் இப்போதைக்குப் பரிந்துரைக்க முடியாது. மாஸ்டர் சுறுசுறுப்பான இளைஞர், பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். 2-ஆம் டான்தான், அது குற்றமில்லை. ஆனால் முப்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார், ஆறு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பையனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று கேட்டதற்கு, “இனிமேல்தான் எடுக்கணும் மேடம்” என்றார். அவருக்கு மேலே பெயரளவுக்கு ஒரு 8-ஆம் டான் இருக்கிறார். அந்த 8-ஆம் டான் சான்றிதழைக் கொடுத்தது, அதை வாங்கியவரே நடத்தும் அமைப்பு. சுவரில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

கராத்தேவில் இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. டான் முறையே ஜூடோவிலிருந்து கராத்தேவுக்கு வந்தது. ஒகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவில் கராத்தேவைச் செய்துகாட்டினார், 1924-ல் தன் மாணவர்களுக்கு முதல் டான்களை வழங்கினார். அப்புறம் ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று கிளைகள் பிரிந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் பல சங்கங்கள் முளைத்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்து டான் கொடுக்கும் ஒரே தலைமையகம் கிடையாது. ஆகவே கராத்தேவில் எத்தனையாவது டான் என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. எந்தப் பாணி, எந்தச் சங்கம், யார் முன்னால் தேர்வு எழுதினார் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். ஜப்பான் கராத்தே சங்கம் 1956-லேயே ஆசிரியர்களை உருவாக்கவென்று தனிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. நன்றாகக் கராத்தே செய்வது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எங்கள் இளம் மாஸ்டருக்கும் அப்படி ஒருவர் அருகில் நின்று கற்றுக்கொடுத்தால் நல்ல ஆசிரியராக வருவார், திறமை இருக்கிறது. இதை நிர்வாகத்திடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

சேர நினைப்பவர்கள் ஜூடோவுக்கும் ஐகிடோவுக்கும் தயங்காமல் வரலாம். பணம் கட்டும் முன் ஓரமாக உட்கார்ந்து ஒரு வகுப்பு முழுவதையும் பார்க்க விடுகிறார்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஜூடோவுக்கு உதவி ஆசிரியையும் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள், அன்றைக்கு அவர் புதியவர்களைத் தனியாகப் பிரித்துக் கவனிப்பார். கெண்டோ, பொறுமை உள்ள பெரியவர்களுக்குச் சரியாக வரும். கராத்தே வேண்டுமென்றால் மாஸ்டர் முதலுதவிப் பயிற்சியை முடித்துவிட்டாரா, உதவிக்கு இன்னொருவர் வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.