டராஸ் கருத்துப் பகுதி: நட்சத்திரத்தை விட்டு எடையைப் பாருங்கள்

டராஸ் இணையக் கடையில் வாங்கியவர்களின் கருத்துகள் நல்ல உதவிதான், ஆனால் தேடிப் படிக்க வேண்டும். "டெலிவரி வேகம், பார்சல் சூப்பர்" என்பதெல்லாம் பொருளைப் பற்றிய கருத்தே அல்ல. இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதையும் அவர்கள் போட்ட படங்களையும் முதலில் பாருங்கள்.

பவர் பேங்க் என்றால் கணக்குப் போடலாம். 20,000 எம்ஏஎச் (mAh, சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) என்பது உள்ளே இருக்கும் செல்களின் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. வெளியே வரும் 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது, இழப்பும் போக, கைக்கு வருவது சுமார் 12,000 - 13,000 எம்ஏஎச். இப்படிக் குறைவது ஏமாற்று இல்லை. மொத்த எடையே 200 கிராம் என்று போட்டிருந்தால் நம்பவே வேண்டாம், உள்ளே இருக்கும் செல்களே ஏறக்குறைய 300 கிராம் வரும்.

திருகோணமலையில் கடலோர வீட்டுக்கு ஸ்டாண்ட் ஃபேன் வாங்குகிறீர்களா? சில மாதம் பாவித்த பிறகு எழுதிய கருத்தைத் தேடுங்கள். உப்புக் காற்றில் திருகாணி துருப்பிடிப்பது முதல் வாரத்தில் தெரியாது.