முகத்தில் கிரானுலோமா ஃபேஷியாலி: களிம்பா, ஊசியா, லேசரா?

கன்னத்திலோ மூக்கிலோ செம்பழுப்பாக ஒரு தடிப்பு. பெரும்பாலும் வலியில்லை. மயிர்க்கால் துளைகள் மட்டும் ஆரஞ்சுத் தோல்போல விரிந்து தெரியும். 1945-ல் மருத்துவ இலக்கியத்தில் முதலில் பதிவான அரிய அழற்சி இது. தொழுநோய், தோல் காசநோய், சார்கோய்டோசிஸ் என்ற இன்னொரு அழற்சி நோய் எல்லாமே இதே சாயலில் வரும் என்பதால் பயாப்சி (தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) இல்லாமல் மருந்து தொடங்குவது தவறு.

உள்ளுறுப்புகளை இது பொதுவாகத் தொடுவதில்லை. ஆகவே நோயைவிட மோசமான தழும்பைத் தரக்கூடிய எதையும் நான் முதலில் வைக்கமாட்டேன்.

அந்தக் கணக்கில் முந்துவது 0.1% டாக்ரோலிமஸ் களிம்பு. தினம் இரண்டு வேளை, மாதக்கணக்கில். ஆரம்ப நாட்களில் எரியும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்துக்கொண்டால் அந்த எரிச்சல் பெரும்பாலும் தானே தணியும். ஸ்டீராய்டு களிம்புபோல இது தோலை மெலியவைக்காது. முகத்துக்கு அதுதான் பெரிய விஷயம்.

தடிப்புக்குள்ளேயே போடும் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி இதைவிடச் சீக்கிரம் தட்டையாக்கலாம். அளவு மிஞ்சினால் அந்த இடம் குழியும், வெளுக்கும். திரவ நைட்ரஜனால் உறையவைப்பதற்கு இன்னும் அதிகம் தயங்குவேன். நல்ல பலன் கிடைத்த பதிவுகள் உண்டு. ஆனால் குளிர் நிறமிச் செல்களையும் கொல்லும். மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்த வெள்ளைத்திட்டு பளிச்சென்று தெரியும், சிலருக்கு மாறுவதே இல்லை.

லேசரில் பேசப்படுவது 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை வகை. ரத்தக்குழாய்களைக் குறிவைக்கும் அந்த ஒளியை நம் தோலின் நிறமியான மெலனினும் உறிஞ்சிக்கொள்கிறது. சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்காமல் முழுத் தடிப்பிலும் அடிக்கச் சம்மதிக்காதீர்கள். செலவும் கூடுதல்.

டாப்சோன் மாத்திரை தொழுநோய்க்கு நாம் நன்கு அறிந்தது, விலையும் குறைவு. பலன் ஆளுக்கு ஆள் மாறும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகும்; அந்தப் பரிசோதனை முடியும்வரை ஒரு மாத்திரைகூட வேண்டாம். அறுவை? வெட்டிய இடத்திலேயே திரும்ப வரக்கூடும்.

இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இல்லை, பெரும்பாலும் தனித்தனி நோயாளிப் பதிவுகளே. அதனால் களிம்பு தொடங்கும் அன்றே ஒரு படம் எடுத்துவையுங்கள்; பிறகு அதே வெளிச்சத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். மூன்று மாதத்தில் தடிப்பில் மாற்றமே இல்லையென்றால் அந்தப் படங்களோடு போய், குறைந்த அளவு ஊசியைச் சேர்க்கலாமா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.