மரக்கூண்டு விளக்கு: பக்கப் பலகைக்கு பிளைவுட்டா, எம்டிஎஃப்பா?

நான்கு பக்கமும் எட்டுமுனை நட்சத்திரம் வெட்டிய விளக்கு செய்ய நினைப்பவர்கள் பலகைக் கடையிலேயே தயங்கி நிற்பது இந்தக் கேள்வியில்தான். சட்டத்துக்கு 12 மி.மீ. மரக்குச்சி போதும், அதில் குழப்பமில்லை.

வெட்டு: எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை; அதில் மர ரேகை கிடையாது, நட்சத்திர முனை எந்தத் திசையிலும் சுத்தமாக வரும்.
பிளைவுட்டில் சிலும்பு எழும். கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ரம்பத்தில் பொடிப்பல் பிளேடு போட்டால் பெருமளவு அடங்கும்.

உறுதி: இதில் பிளைவுட்தான். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் 4 மி.மீ. பலகையில் துளைகளுக்கு இடையே விடும் 5 மி.மீ. அகலப் பட்டைகூடத் தாங்கும். எம்டிஎஃப்பில் 8 மி.மீ.க்குக் குறைத்தால் உப்புத்தாள் தேய்க்கும்போதே ஒடியலாம். எந்தப் பலகையானாலும் நடுத்துளைகளை முதலில் அறுத்து வெளிப்பக்கம் வாருங்கள். ஓரங்களை முதலில் திறந்துவிட்டால், நடுவை அறுக்கும்போது பலகை பிடிமானமில்லாமல் துள்ளும்.

ஈரம்: எம்டிஎஃப்பின் வெட்டுவிளிம்பு தண்ணீர் பட்டால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.
பிளைவுட்டில் பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) தரம் கேட்டு வாங்குங்கள்.

செலவு: எம்டிஎஃப் மலிவு. ஆனால் விளிம்பு பெயின்ட்டைக் குடிக்கும், பிரைமர் இரண்டு கை அடிக்கவேண்டும். தூளும் மிகப் பொடி, மாஸ்க் கட்டாயம்.

பெயின்ட் அடித்து ஹாலில் வைக்க எம்டிஎஃப் போதும். மெல்லிய பின்னல், மர நிறம் தெரியும் வார்னிஷ், திண்ணையில் தொங்கவிடுவது என்றால் பிளைவுட். எதுவானாலும் உள்ளே 3 வாட் எல்இடி பல்பு போடுங்கள், மெழுகுவர்த்தி கூடவே கூடாது.