ஆற்றங்கரைப் பாதையா, பூங்காப் பாதையா: எளிய நடைக்கு ஓர் ஒப்பீடு

நாள்தோறும் நடப்பதற்கென ஒரு பாதையை நிலையாக வைத்துக்கொள்ள முடிவு செய்தபோது என் முன் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரையின் உச்சியில் செல்லும் பாதை ஒன்று. நகரப் பூங்காக்களுக்குள் சுற்றிவரும் பாதை மற்றொன்று. நான் கரையைத் தேர்ந்தெடுத்தேன். பூங்காவை முற்றிலும் விட்டுவிடவில்லை. வெயில் ஏறிய பிறகு நடக்க நேர்ந்தாலோ, வயதானவர்கள் உடன் வந்தாலோ இன்றும் பூங்காவுக்குத்தான் செல்கிறேன். ஆனாலும் என் மனம் கரையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. இந்த அலசலில் அதற்கு அதிக இடம் கிடைத்திருப்பதும் அதனால்தான்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டிலும் நடக்கப் பயிற்சியோ தனிக் கருவிகளோ தேவையில்லை. சாதாரணக் காலணி போதும். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 30 நிமிடம் என ஐந்து நாள் விறுவிறுப்பாக நடந்தால் அது நிறைவேறிவிடும். எந்தப் பாதையில் நடந்தோம் என்று உடல் கணக்குப் பார்ப்பதில்லை. மரம், பறவை, காற்று என்று வருணிப்பதும் இங்கே வேண்டியதில்லை.

முதல் வேறுபாடு தரையின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. சமவெளியில் ஓடும் ஆறு ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குச் சில சென்டிமீட்டரோ சில பத்துச் சென்டிமீட்டரோதான் தாழ்கிறது. கரையின் உச்சியும் ஆற்றின் வெள்ள மட்டத்தையொட்டி அதே அளவில் தாழ்வதால், மேலே ஏறிவிட்ட பின் கால் உணரக்கூடிய சரிவு அநேகமாக இருப்பதில்லை. பூங்காவை வடிவமைப்பவர்களோ, காட்சி மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக மேடுகளையும் வளைவுகளையும் வேண்டுமென்றே அமைக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு. மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை. மாறாத நேர்கோட்டில் நடப்பது சலிப்பூட்டுகிறது என்று கரையைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

பாதையின் அமைப்பில் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரியது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் இரண்டு வகையும் ஒட்டியே அமைந்திருப்பதால் அதை அங்கே தெளிவாகக் காணலாம்: ஆடுபன் பூங்காவின் சுற்றுப்பாதை சுமார் 2.9 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. அதன் அருகே மிசிசிப்பி ஆற்றின் கரைமேல் தொடங்கும் பாதையோ நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் பல கிலோமீட்டர் நீண்டு செல்கிறது. சுற்றுப்பாதையில் எந்த இடத்தில் நடையை நிறுத்தினாலும் ஏதாவதொரு வாசல் அருகில் இருக்கும். கரையிலோ போன தொலைவு முழுவதையும் திரும்பி நடந்தாக வேண்டும். களைத்த பிறகு திரும்பலாம் என்று நினைப்பவருக்கு மீதித் தொலைவு தண்டனையாகிவிடும் என்பதால், கையிலுள்ள நேரத்தில் பாதி கழிந்ததும் திரும்பிவிடுவதே முறை. காற்று எதிரே வீசும் திசையில் முதலில் போவதும் நல்லது; திரும்பும்போது அது முதுகுப்பக்கம் இருக்கும்.

இவற்றை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் நான் பூங்காவையே தேர்ந்திருக்கக்கூடும். என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நடக்கப் போகிறவர், அந்தப் பாதையை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு, எதனால் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கரைமேல் உள்ள பாதை பெரும்பாலும் நடப்பவர்களுக்காகப் போடப்பட்டதன்று. வெள்ளம் ஏறும்போது மண்ணும் கல்லும் மணல் மூட்டையும் ஏற்றிய வண்டிகள் செல்வதற்கும், மற்றக் காலங்களில் கரையைக் கண்காணிப்பவர்கள் போய்வருவதற்கும் உரிய சாலை அது. அதனால்தான் பெரிய ஆறுகளின் கரையுச்சி பொதுவாக 3 மீட்டருக்குக் குறையாத அகலத்தில் இருக்கிறது. இருவர் இணையாக நடக்கும்போது எதிரே மிதிவண்டி வந்தாலும் ஒதுங்க இடமுண்டு. உச்சியில் மழைநீர் தேங்கினால் மண் இளகிக் கரை வலுவிழக்கும் என்பதால், நீர் வழிந்தோடும்படி அதைச் சற்றே சாய்த்தோ நடுவில் உயர்த்தியோ அமைக்கிறார்கள். குழி விழுந்தால் நிரப்பியாக வேண்டும். கசிவு, விரிசல், வளை ஆகியவை கண்ணில் படாமல் போய்விடக் கூடாது என்பதற்காகச் சரிவுகளில் புல்லை உயரமாக வளர விடுவதில்லை. எலியோ நரியோ தோண்டிய ஒரு பொந்துகூட, வெள்ள நாளில் நீர் புகும் வழியாகி உடைப்பில் போய் முடியலாம்.

நெதர்லாந்தில் கரைச்சரிவுகளில் செம்மறியாடுகளை மேயவிடுகிறார்கள். அவை புல்லைத் தரையோடு ஒட்டக் கறிப்பதால் புல் அடர்ந்து வளர்கிறது. அவற்றின் குளம்பு மண்ணை இறுக்குகிறது. வறண்ட காலத்திலும் அங்கே கண்காணிப்பு ஓய்வதில்லை, அதற்குக் காரணமும் உண்டு: 2003 ஆகஸ்டில், வெள்ளமே இல்லாத கடும் கோடையில், அந்நாட்டின் வில்னிஸ் என்னும் ஊரில் மக்கிய தாவரங்களாலான மண்ணில் எழுப்பப்பட்டிருந்த கால்வாய்க் கரை ஒன்று உலர்ந்து, எடை குறைந்து, இடம்பெயர்ந்துவிட்டது. தெருக்களுக்குள் நீர் புகுந்தது. இத்தகைய அனுபவம் உள்ள இடத்தில், நடப்பவர் ஒருவர்கூட வராவிட்டாலும் கரைமேல் உள்ள பாதை செப்பனிடப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

பூங்காப் பாதைக்கு இப்படியொரு கட்டாயம் இல்லை. நகர நிர்வாகத்துக்குப் பண நெருக்கடி வரும்போது எளிதில் தள்ளிப்போடப்படும் செலவுகளில் பூங்காப் பராமரிப்பும் ஒன்று. தளக்கல் பெயர்ந்தால் ஒருவர் தடுக்கி விழக்கூடும், ஊர் மூழ்கிவிடாது. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கே 1970களில் இந்த நிலை ஏற்பட்டது. நகரின் நிதி நிலை சீர்குலைந்த அந்த ஆண்டுகளில் பூங்காவும் சீரழிந்ததால், 1980-இல் அதைக் காப்பதற்கென்று ஒரு தனி அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. அவ்வளவு புகழும் நன்கொடையாளர்களும் இல்லாத பூங்காக்களின் கதியை ஊகித்துக்கொள்ளலாம். பூங்காவின் பெருமையான நிழல்மரமே பாதைக்குப் பகையாக மாறுவதும் உண்டு. இறுக்கப்பட்ட தளத்தின் அடியில் ஆழமாக இறங்க முடியாத வேர்கள் மேல்மட்டத்திலேயே பரவி, தடிக்கத் தடிக்கத் தளத்தைத் தூக்கிவிடுகின்றன. அதைச் சரிசெய்ய வேரை வெட்டினால் மரத்துக்குக் கேடு. விட்டுவைத்தால் நடப்பவருக்குக் கேடு. நான் அறிந்த பூங்காக்களில், முதலில் நேர்த்தியாக இருந்த பாதைகள் சில ஆண்டுகளில் மேடுபள்ளமானது பெரும்பாலும் இதனால்தான்.

கரையைப் பாதுகாக்கும் அதே கட்டாயம்தான் அதன் பெருங்குறைக்கும் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே நிழல் கிடையாது. மரம் பட்டுப்போனால் அதன் வேர் அழுகிய இடம் நீர் ஊடுருவும் குழாயாகிவிடும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் மண்ணும் பெயர்ந்துவிடும். அமெரிக்க இராணுவப் பொறியியல் படையின் வழிகாட்டுதல், கரையின் மேலும் அதன் அடியிலிருந்து 15 அடி வரையிலும் புல்லைத் தவிர வேறு தாவரம் கூடாது என்று வகுத்தது. ஆற்றோர வாழிடங்கள் அழிந்துவிடும் என்று கலிபோர்னியாவில் அதற்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. (ஜப்பானில் 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான எடோ காலத்தில் சில கரைகளில் செர்ரி மரங்களை நட்டது, பூப் பார்க்க வரும் கூட்டம் மண்ணை மிதித்து இறுக்கும் என்பதற்காகத்தான் என்று சொல்வார்கள். நடப்பவரையே கரை பராமரிப்பில் சேர்த்துக்கொண்ட அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தாலும், இன்றைய பொறியாளர்கள் மரத்துக்கு ஒப்புவார்களா என்பது ஐயமே.)

ஆகவே கோடை நண்பகலில் கரைப்பாதையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குடிநீர், கழிப்பறை, இருக்கை ஆகியவையும் அங்கே அரிது. மேலே ஏறும் சாய்தளங்கள் வெகு தொலைவுக்கு ஒன்றாக இருக்கும். இடையில் இறங்க நினைத்தால், கிடையாக மூன்றடிக்கு ஓரடி உயரும் புற்சரிவில்தான் இறங்க வேண்டும், அது மழை பெய்த மறுநாள் வழுக்கும். வெள்ள எச்சரிக்கை வந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கக்கூட மேலே ஏறக் கூடாது. சிறு குழந்தைகளுடன் நடப்பவர், இடையிடையே உட்கார்ந்து எழ வேண்டியவர், தனியே நடக்கத் தயங்குபவர் ஆகியோருக்குப் பூங்காவே ஏற்றது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

சில செய்திகளில் என் அனுபவம் குறைவு. இருட்டிய பிறகு நான் கரையில் நடப்பதில்லை. ஆகவே விளக்குகளையும் பாதுகாப்பையும் பற்றி நான் சொல்வதற்கு மதிப்பில்லை. என் நடை பெரும்பாலும் தார் போட்ட உச்சியில்தான். சரளை மட்டும் பரப்பிய கரைகளில் நன்றாக நடக்க முடிந்தது என்றாலும், தொடர்மழைக் காலத்தில் அவற்றில் நடந்து பார்த்ததில்லை. சக்கர நாற்காலியில் செல்பவருக்கு உச்சிப்பாதை வசதியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஏறும் சாய்தளம் 12-க்கு 1 என்ற அளவைவிடச் செங்குத்தாக இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டின் நன்மையும் ஓரளவு சேர்ந்து கிடைக்கும் இடங்களும் உண்டு. ஸ்பெயினின் வலென்சியா நகரில் 1957-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் துரியா ஆற்றை நகருக்கு வெளியே திருப்பிவிட்டு, பழைய ஆற்றுப்படுகையை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள பூங்காவாக மாற்றினார்கள். பழைய பாலங்களுக்கு அடியில் பாதை செல்வதால் சாலையைக் கடக்காமலேயே மரநிழலில் நடக்கலாம். வெள்ளத்தைத் திருப்புவதற்காக 1972 முதல் 1988 வரை வெட்டிய கால்வாயின் மண்ணால் வியன்னாவில் உருவான டான்யூப் தீவு 21 கிலோமீட்டர் நீளம். அப்படியொன்று கைக்கெட்டும் தொலைவில் இருப்பவருக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது.

மற்றவர்கள் தங்கள் கரையின் ஊர்ப்பக்க அடிவாரத்தில் இன்னொரு பராமரிப்புச் சாலை இருக்கிறதா என்று பார்க்கலாம். பல கரைகளில் இருக்கிறது. மரம் கூடாத பகுதிக்கு அப்பால் வளர்ந்த மரங்களின் நிழல் காலையிலோ மாலையிலோ அதன்மேல் விழும். கண்காணிப்பு வண்டிகள் அதிலும் செல்வதால் தளமும் மோசமாக இருப்பதில்லை. வெயில் நாட்களில் கீழ்ச்சாலையில் போய், வெயில் தணிந்ததும் அடுத்த சாய்தளத்தில் ஏறி உச்சி வழியாகத் திரும்புவதே இப்போது என் வழக்கம்.